திருமணம், தாய்மை, ஆய்வுக்கூடம்: பெண் அறிவியலாளர் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஒரு கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்திருந்தேன். ‘அறிவியல் துறையில் பெண்கள் எதிர்நோக்கும் சவால்கள்’ என்பது தலைப்பு. வந்த கட்டுரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: பெண்களுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம், ஆகவே அவர்களால் சாதிக்க முடிவதில்லை. அடுத்த பத்தியில் மேரி கியூரி வந்துவிடுவார். அவர் இரண்டு முறை நோபல் பரிசு பெற்றார், ஆகவே முயன்றால் முடியாதது இல்லை. அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது.

முதல் பத்தி ‘முடியாது’ என்கிறது, இரண்டாம் பத்தி ‘முடியும்’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. அது மாணவர்களின் தவறு என்று சொல்ல மாட்டேன். நாம் கொடுக்கும் குறிப்புகளே அப்படித்தான் இருக்கின்றன.

கட்டுரைப் புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போது ஒரு மாணவி என் மேசைப் பக்கம் நின்றாள். இயற்பியலில் கெட்டிக்காரி. “டீச்சர், எங்க பெரியம்மா சொல்றாங்க, பிசிக்ஸ் எல்லாம் படிச்சு என்ன செய்யப்போறே, நாளைக்குக் கல்யாணம் ஆனா எல்லாத்தையும் விடத்தானே போறேன்னு. அது உண்மையா?” என்று கேட்டாள். ‘இல்லை’ என்று உடனே சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவளுக்குச் சொல்வதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் எடுத்துக்காட்டு தேடுகிறவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் ஹாரியட் புரூக்ஸ். இந்தப் பெயரைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், நானும் கேள்விப்பட்டதில்லை. 1876இல் கனடாவில் பிறந்தவர். மொன்றியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1898இல் பட்டம் பெற்றார். அந்தச் சமயத்தில்தான் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு அங்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். அணுவின் அமைப்பைப் பிற்காலத்தில் கண்டறிந்து சொன்ன அதே ரூதர்ஃபோர்டுதான். மெக்கில்லில் அவரிடம் ஆய்வு செய்யச் சேர்ந்த முதல் பட்டதாரி மாணவர் புரூக்ஸ். 1901இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். மெக்கில்லில் ஒரு பெண் முதுகலைப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்திலிருந்து ஏதோ ஒன்று வெளியேறிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ரூதர்ஃபோர்டும் புரூக்ஸும் சேர்ந்து, அது எடை மிகுந்த ஒரு வாயு என்று காட்டினார்கள். இன்று அதற்கு ரேடான் என்று பெயர். ஒரு தனிமம் இன்னொரு தனிமமாக மாறுகிறது என்ற கருத்து உருவாக உதவிய ஆய்வுகளில் இதுவும் ஒன்று. அதன்பின் அவர் கேம்பிரிட்ஜ் சென்று, எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனின் ஆய்வகத்திலும் வேலை செய்தார். 1904இல், கதிரியக்கச் சிதைவின்போது அணுவானது பின்னோக்கி உந்தப்படும் நிகழ்வின் அடையாளத்தைக் கவனித்து எழுதினார். துப்பாக்கி சுடும்போது தோளில் ஓர் உதை விழுமே, அதுபோல. அந்த விளைவைப் பின்னால் பெரிதாக விளக்கியவர்கள் வேறு ஆட்கள்.

இப்படி வேகமாகப் போய்க்கொண்டிருந்தவர், நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1906இல் கொலம்பியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஒருவருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. அதைக் கல்லூரி முதல்வருக்கு முறைப்படி தெரிவித்தார். பதில் வந்தது: திருமணம் ஆகிவிட்டால் கல்லூரியுடன் உள்ள தொடர்பு முடிந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பர்னார்ட் ஒரு மகளிர் கல்லூரி. பெண்களுக்கு உயர்கல்வி தருவதற்காகவே தொடங்கப்பட்டது. அதன் முதல்வர் லாரா கில் என்பவரும் ஒரு பெண். இல்லத்தை நடத்துவதே ஒரு முழுநேரத் தொழில், அதன் மதிப்பைக் காக்க வேண்டுமென்றால் திருமணம் ஆனவர் விலகத்தான் வேண்டும் என்பது அவருடைய வாதம். புரூக்ஸ் சும்மா இருக்கவில்லை. திருமணம் செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணைத் தொழிலை விடச் சொல்ல முடியாது, இதை எதிர்ப்பது என் தொழிலுக்கும் என் இனத்துக்கும் நான் செய்ய வேண்டிய கடமை என்று திருப்பி எழுதினார். பெண்களைப் படிக்கச் சொல்லும் கல்லூரியே அந்தப் படிப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னால் அதில் என்ன நியாயம் என்றும் கேட்டார். துறைத் தலைவர் மார்கரெட் மால்ட்பியும் அவருக்காகப் பேசிப் பார்த்தார். நிர்வாகம் இறங்கி வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த முதல்வர் தனக்கு நியாயமாகப் பட்டதைத்தான் செய்திருக்கிறார். அன்றைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இதுவே விதி. இதைத் திருமணத் தடை விதி என்று சொல்லலாம். மாணவர்கள் இந்தச் சொல்லைக் கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம், ‘குடும்பப் பொறுப்பு’ என்று பொதுப்படையாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். ஏனென்றால் இது ஓர் எழுதப்பட்ட ஒழுங்குமுறை. ஒருவர் போட்டது, ஒருவர் நீக்கக்கூடியது.

புரூக்ஸின் நிச்சயதார்த்தம் முறிந்துபோனது. கல்யாணமே இல்லை என்று ஆன பிறகும் அவர் பர்னார்டில் இருக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டு ஐரோப்பா போனார். பாரிஸில் மேரி கியூரியின் ஆய்வகத்தில் சில காலம் வேலை செய்தார். ரூதர்ஃபோர்டு மான்செஸ்டருக்கு மாறியபோது, அங்கே அவருக்கு ஓர் ஆய்வு நிதி கிடைக்க வலுவாகப் பரிந்துரை செய்தார். ஆனால் 1907இல் புரூக்ஸ், ஃபிராங்க் பிட்சர் என்பவரை லண்டனில் மணந்துகொண்டு மொன்றியலுக்குத் திரும்பிவிட்டார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அதில் இருவர் பதின்ம வயதிலேயே இறந்துபோனார்கள். இயற்பியல் ஆய்வுக்கு அவர் திரும்பவே இல்லை. 1933இல், 56 வயதில் இறந்தார்.

அவர் ஆய்வு செய்த காலம் பத்து ஆண்டுகூட இல்லை. 26 ஆண்டுகள் கழித்து அவர் இறந்தபோது நேச்சர் இதழில் நினைவுக் குறிப்பு எழுதியவர் ரூதர்ஃபோர்டு. கதிரியக்கத் துறையில் மேரி கியூரிக்கு அடுத்த நிலையில் வைக்க வேண்டிய பெண் என்பது அவரைப் பற்றி ரூதர்ஃபோர்டு வைத்திருந்த மதிப்பு. பாடநூல்களில் புரூக்ஸின் பெயர் இல்லை. அவரைப் பற்றி முழுமையான வாழ்க்கை வரலாறு 1992இல்தான் வந்தது.

சரி, மேரி கியூரிக்கு வருவோம். அவருக்கும் கல்யாணம் ஆனது, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் எப்படிச் சமாளித்தார்? மாணவர்கள் ‘விடாமுயற்சி’ என்று எழுதுகிறார்கள். விடாமுயற்சி இருந்தது, யார் மறுத்தது? ஆனால் வீட்டில் ஒரு தாத்தாவும் இருந்தார். மூத்தவள் ஐரீன் 1897இல் பிறந்த சில நாள்களிலேயே மேரியின் மாமியார் இறந்துபோனார். மருத்துவரான மாமனார் யூஜீன் கியூரி, மகன் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டார். 1910இல் அவர் இறக்கும்வரை பேத்திகளை வளர்த்ததில் பெரும்பங்கு அவருடையது. ரேடியத்தைப் பிரித்தெடுத்த ஆண்டுகள் முழுக்க அவர் வீட்டில் இருந்தார். கணவரும் மனைவியும் ஒரே கொட்டகையில் ஒரே ஆய்வைச் செய்தார்கள். ‘நீ வீட்டுக்குப் போ’ என்று சொல்ல அங்கே ஒரு முதல்வர் இல்லை. நம் வீடுகளில் பாட்டி, தாத்தா பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் எத்தனை ஆசிரியைகள் வேலைக்கு வருகிறோம்? இதை ஏன் மேரி கியூரி பத்தியில் யாரும் எழுதுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது நான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறவருக்கு வருகிறேன். மரியா கோப்பர்ட் மேயர். 1906இல் பிறந்தவர், ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் வளர்ந்தவர். அப்பா குழந்தை மருத்துவப் பேராசிரியர். அவர் குடும்பத்தில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர்கள். வெறும் இல்லத்தரசியாக வளர்ந்துவிடாதே என்று மகளிடம் சொன்ன அப்பா. அன்றைய கோட்டிங்கன் இயற்பியல் உலகத்தின் தலைநகரம் மாதிரி. மேக்ஸ் போர்ன் என்ற பெரிய மேதையிடம் 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை உள்வாங்க முடியும் என்று அந்த ஆய்வேட்டில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க அன்றைக்குக் கருவியே கிடையாது. லேசர் வந்த பிறகு, 1961இல்தான் சோதனையில் கண்டார்கள். இன்றைக்கு அந்த அளவைக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே 1930இல் திருமணமும் நடந்தது. மாப்பிள்ளை ஜோசப் மேயர், அமெரிக்க வேதியியலாளர். கோட்டிங்கனுக்கு ஆய்வு செய்ய வந்து, கோப்பர்ட் வீட்டில் அறை எடுத்துத் தங்கியவர். அவருக்கு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை. இருவரும் கிளம்பினார்கள்.

அங்கே அவருக்கு வேலை இல்லை. ‘பெண்’ என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கணவர், மனைவி இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் பதவி கொடுக்க முடியாது என்றார்கள். உறவினர் நியமனத்தைத் தடுக்கும் விதி. யோசித்தால் நல்ல நோக்கத்தில் வந்த விதிதான். ஒருவர் தன் சொந்தக்காரர்களை எல்லாம் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடாது அல்லவா? விதியில் ஆண், பெண் என்று எதுவும் இருக்காது. ஆனால் வேலை கிடைக்காமல் வெளியே நின்றது ஏறக்குறைய எப்போதும் மனைவிதான். அதிலும் அது பொருளாதார மந்தக் காலம். ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும் என்ற மனநிலை வேறு. கடைசியில் ஜெர்மன் மொழிக் கடிதங்களைக் கவனிக்கும் ஓர் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். சம்பளம் சொற்பம். உட்கார ஓர் அறை கிடைத்தது, அதுவே பெரிது.

அந்த அறையில் உட்கார்ந்து ஆய்வு செய்தார், பாடம் நடத்தினார், மாணவர்களை வழிநடத்தினார். 1933இல் மகள் மரியானும் 1938இல் மகன் பீட்டரும் பிறந்தார்கள். கணவரோடு சேர்ந்து எழுதிய புள்ளியியல் இயக்கவியல் பாடநூல் 1940இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் பல்கலைக்கழகங்களில் படிக்கப்பட்ட நூல் அது. கணவர் 1939இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கேயும் இவருக்கு ஓர் அறை உண்டு, சம்பளம் கிடையாது.

1941 டிசம்பரில் சாரா லாரன்ஸ் என்ற கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர் வேலை கிடைத்தது. முனைவர் பட்டம் வாங்கிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 35 வயதில், முறையான சம்பளத்துடன் கிடைத்த முதல் ஆசிரியர் பணி அது. கொஞ்ச நாளில் போர்க்கால ஆய்வுக்கு ஆள் தேவைப்பட்டது. ஹெரால்டு யூரி இவரை யுரேனியம் பிரிப்பு ஆய்வுக்கு அழைத்துக்கொண்டார். போர் வந்தால் விதிகள் எல்லாம் எப்படியோ தளர்ந்துவிடுகின்றன. வரலாற்றில் இது பல இடங்களில் தென்படும், மாணவர்கள் கவனித்துப் பார்க்கலாம்.

போர் முடிந்ததும் 1946இல் சிகாகோ. கணவர் அங்கே பேராசிரியர். இவருக்கு இணைப் பேராசிரியர் என்ற பட்டம், ஆனால் தன்னார்வப் பதவி. அதாவது சம்பளம் இல்லாத பதவி. பக்கத்தில் இருந்த ஆர்கான் தேசிய ஆய்வகம் பகுதிநேர வேலை கொடுத்துச் சம்பளமும் கொடுத்தது. அணுக்கரு இயற்பியல் தனக்கு அதிகம் தெரியாது என்று அவர் சொன்னபோது, கற்றுக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அணுக்கருவில் புரோட்டானோ நியூட்ரானோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் இருந்தால் அந்த அணுக்கரு மிகவும் உறுதியாக இருக்கிறது. ஏன் இந்த எண்கள் மட்டும்? யாருக்கும் தெரியவில்லை. ‘மாய எண்கள்’ என்று பாதி கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள். மேயர் தரவுகளைப் பட்டியல் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஒருநாள் என்ரிகோ ஃபெர்மியுடன் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தொலைபேசி அழைப்புக்காக வெளியே கிளம்பிய ஃபெர்மி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்: துகளின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதைக்கும் ஏதாவது பிணைப்பு தெரிகிறதா? அந்தக் கேள்வியில் மேயருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இத்தனை காலம் எண்களோடு பழகியவருக்குத்தான் அப்படி விளங்கும்.

இதை அவர் தன் மகளுக்கு விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பெரிய கூடம். அதில் ஜோடி ஜோடியாக வால்ட்ஸ் நடனம் ஆடுகிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் கூடத்தைச் சுற்றி வருகிறது, சுற்றி வரும்போதே தானும் சுழல்கிறது. சுற்றும் திசையிலேயே சுழல்வது எளிது. எதிர்த்திசையில் சுழல்வது கொஞ்சம் கடினம், சக்தி அதிகம் வேண்டும். அணுக்கருவுக்குள்ளும் அப்படித்தான். கோலாட்டம் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் நான்கு பிள்ளைகளை நிறுத்தி ஆடவைத்தே காட்டிவிடலாம்.

ஜெர்மனியில் ஹான்ஸ் ஜென்சனும் அவர் குழுவினரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். இருவரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள், 1955இல் வெளிவந்தது. இவ்வளவு செய்தவருக்கு முழுநேரப் பேராசிரியராக முழுச் சம்பளம் எப்போது வந்தது தெரியுமா? 1960இல் கலிஃபோர்னியாவில் சான் டியாகோவுக்குக் கணவரோடு மாறியபோதுதான். 54 வயது ஆகிவிட்டது. அங்கே போன கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் தாக்கியது. அதற்குப் பிறகும் பாடம் நடத்தினார்.

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் ஒரு பதில் வரும்: “பாத்தீங்களா டீச்சர், சம்பளமே இல்லாம சாதிச்சாங்க, திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடலாம்.” இந்த முடிவோடு நான் ஒத்துப்போகவில்லை. முழுச் சம்பளம் இல்லாமல் முப்பது வருஷம் ஓட்ட, சம்பளம் வாங்கும் ஒரு கணவர் வேண்டும். அந்தக் கணவர், வேலையை விடாதே என்று சொல்கிறவராக இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க வசதி வேண்டும். பக்கத்து அறையில் ஃபெர்மி இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்திருந்தால் அவரும் இன்னொரு ஹாரியட் புரூக்ஸ்தான். சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கியது ஏதோ அவருடைய மன உறுதியைச் சோதிக்க வைத்த பரீட்சை போல எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கெர்ட்டி கோரியின் கதையும் ஏறக்குறைய இதே மாதிரி, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிராக் நகரில் மருத்துவம் படித்து 1920இல் உடன் படித்த கார்ல் கோரியை மணந்தார். உடல் சர்க்கரையை எப்படிச் சேமித்து, எப்படித் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதை இருவரும் சேர்ந்தே ஆராய்ந்தார்கள். நீரிழிவு பற்றிப் பேசும் எந்த வீட்டுக்கும் அது நெருக்கமான விஷயம். 1931இல் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணவருக்குத் துறைத் தலைவர் பதவி, மனைவிக்கு மிகக் குறைந்த சம்பளத்தில் ஆய்வு உதவியாளர் பதவி. அதற்கு முன்பு இன்னொரு பல்கலைக்கழகம் கணவருக்கு வேலை தர முன்வந்தபோது, மனைவியோடு சேர்ந்து ஆய்வு செய்வதை விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அவர் அந்த வேலையையே வேண்டாம் என்று விட்டுவிட்டார். கெர்ட்டி பேராசிரியர் ஆனது 1947இல். அதே ஆண்டுதான் இருவருக்கும் நோபல் பரிசு.

இதுவரை சொன்னது விதிகளைப் பற்றி. பிள்ளை பிறந்த பிறகு வரும் சிக்கல் வேறு. அங்கே தடை போட ஒரு முதல்வரே தேவையில்லை. நேரம்தான் தடை. என் முதுநிலைப் பட்டயப் படிப்பின் பாதியை இரவு பன்னிரண்டு மணிக்கு மேல்தான் எழுதி முடித்தேன். மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். ஓர் ஒப்படைப்பில் ஒரே பத்தி இரண்டு முறை வந்திருந்தது, விரிவுரையாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். தூக்கக் கலக்கம். ஆகவே கேத்லீன் லான்ஸ்டேலின் கதை எனக்கு மனசுக்கு நெருக்கமானது.

லான்ஸ்டேல் 1903இல் அயர்லாந்தில் பிறந்தவர். படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராயும் துறை. 1927இல் திருமணம், கணவர் வேலைக்காக லீட்ஸ் நகருக்குக் குடிபோனார். ஆய்வை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கலாமா என்று நினைத்தவர் அவர்தான். இலவசமாக வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொல்லி மறுத்தவர் கணவர் தாமஸ். 1929இல், பென்சீன் வளையம் தட்டையானது என்று லான்ஸ்டேல் நிறுவினார். வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் வாதாடிக்கொண்டிருந்த கேள்வி அது. அதே ஆண்டு முதல் குழந்தை. அடுத்து 1931, 1934 என்று இன்னும் இருவர்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு சில ஆண்டுகள் வீட்டில் இருந்தபடியே கணக்கு வேலைகளைச் செய்தார். ஆய்வுக்கூடக் கருவியை வீட்டுக்குக் கொண்டு வர முடியாது, ஆனால் காகிதமும் பென்சிலும் போதுமான வேலையும் அந்தத் துறையில் இருந்தது. அவருடைய பழைய தலைவர் வில்லியம் பிராக் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். பாராட்டுக் கடிதம் எழுதிவிட்டு நிற்கவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளப் பண உதவி ஏற்பாடு செய்தார். அதனால்தான் லான்ஸ்டேல் 1934இல் ராயல் கழக ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப முடிந்தது. 1945இல் லண்டன் ராயல் சங்கம் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது, அந்த இருவரில் ஒருவர் லான்ஸ்டேல். (நடுவில் 1943இல், போரை எதிர்த்து அரசாங்கப் பதிவைச் செய்ய மறுத்து, அபராதமும் கட்ட மறுத்து ஒரு மாதம் சிறையில் இருந்தார். அது தனிக் கட்டுரை.)

துறை ஒன்றே என்றாலும் டோரதி ஹாட்ஜ்கினுக்கு அமைந்தது இன்னும் கொஞ்சம் நல்ல சூழல். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் சாமர்வில் மகளிர் கல்லூரியில் இருந்தார். 1937இல் திருமணம், 1938இல் முதல் குழந்தை. கல்லூரி அவருக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அப்படி விடுப்பு பெற்ற முதல் பெண் அவர்தான். பர்னார்டும் மகளிர் கல்லூரி, சாமர்வில்லும் அன்றைக்கு மகளிர் கல்லூரி. இடையே 32 ஆண்டுகள், ஒரு கடல். முதல் குழந்தை பிறந்த சமயத்திலேயே அவருக்குக் கைகளை முடக்கும் மூட்டுவாதம் தொடங்கிவிட்டது. கணவர் வாரநாள்களில் வெளியூரில் முதியோர் கல்வி வகுப்புகள் நடத்தினார், வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். இதற்கு நடுவில் 1945இல் பெனிசிலின் மூலக்கூறின் வடிவத்தையும், அடுத்த பத்தாண்டில் வைட்டமின் பி12 வடிவத்தையும் கண்டறிந்தார். 1964இல் நோபல் பரிசு. 1969இல் இன்சுலின். விடுப்பு கொடுத்ததால் கல்லூரி எதையும் இழக்கவில்லை என்பதைக் கணக்குப் பாடம் தெரியாத நானே சொல்லிவிடுவேன்.

கல்யாணமே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. நமக்குப் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். வீட்டில் உறவுக்குள் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக உதவித்தொகை வந்ததும் அவர் கப்பல் ஏறினார், 1931இல் முனைவர் பட்டத்தோடு வந்தார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த கலப்பின ஆய்வுகள் இந்தியக் கரும்பை இனிப்பாக்கும் முயற்சியில் முக்கியமானவை. பிறகு இங்கிலாந்து சென்று, டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பட்டியல் நூலை 1945இல் வெளியிட்டார். 1977இல் பத்மஸ்ரீ. 1984இல் சென்னை மதுரவாயலில் இருந்த ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே இறந்தார். தன் விருப்பத்தில் தனியாக வாழ்ந்தவரைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. ஆனால் ரூதர்ஃபோர்டிடம் யாராவது வந்து, ஆய்வா கல்யாணமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பார்களா?

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. இவர்கள் எல்லோரையும் ஒரே கட்டுரையில் திணிக்க வேண்டாம். ஒருவரை எடுத்துக்கொண்டு, எந்த விதி அல்லது எந்த ஏற்பாடு அவர் பாதையை மாற்றியது என்று ஆண்டோடு எழுதினால் போதும். புரூக்ஸுக்கு 1906, மேயருக்கு 1930, ஹாட்ஜ்கினுக்கு 1938. கருத்து விளக்கத்துக்கு அது ஒரு முழுப் பத்தி.

என் மாணவிக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்ல முடியவில்லை. இரண்டு மூன்று ஓய்வு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். பெரியம்மா சொன்னது வரலாற்றில் நடந்ததுதான், அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது எப்படி நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்றேன். அவள் அதிகம் பேசவில்லை. “சம்பளமே இல்லாமலா?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். 1963இல் மேயருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இயற்பியலில் மேரி கியூரிக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணுக்கு. பரிசில் பாதி யூஜீன் விக்னருக்கு, மீதிப் பாதியில் மேயரும் ஜென்சனும் சமபங்கு. மறுநாள் சான் டியாகோ நாளிதழ் ஒன்று போட்ட தலைப்பு, சான் டியாகோ தாயாருக்கு நோபல் பரிசு என்பது. அந்தத் தலைப்பைப் பலகையில் எழுதி, செய்தியைச் சரியாகச் சொல்லும்படி மாற்றி எழுதுங்கள் என்றேன். ‘அணுக்கருவின் மாய எண்களை விளக்கிய இயற்பியலாளருக்கு நோபல்’ என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான், நன்றாகவே இருந்தது. ‘தாயார்’ என்ற சொல்லை எடுக்கவே கூடாது, அதுவும் பெருமைதானே என்று இன்னொருவன் வாதாடினான்.

அப்போதுதான் அவள் கையை உயர்த்தினாள். “டீச்சர், அந்த விக்னருக்குப் பிள்ளைங்க இருக்கா?”

இருக்கிறார்கள் என்றேன்.

“அப்ப அவருக்கு என்ன தலைப்பு போட்டாங்க?”